தொடக்கப் பட்டியலில் இல்லாத பெயர்

முதல் நாள்: சால்ஸ்பர்க்கிலிருந்து கிளைன்ஆர்ல்

சால்ஸ்பர்க்கிலிருந்து தெற்கே செல்லும் காலை ரயிலில் என்னைத் தவிர ஏறத்தாழ எல்லோரும் பனிச்சறுக்குப் பலகைகளோடு ஏறியிருந்தார்கள். பலகைகள் பெட்டியின் வாசலருகே சாய்ந்து நிற்க, கனமான காலணிகளைக் கழுத்தில் தொங்கவிட்டபடி சிறுவர்கள் சன்னலோரம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒரு தோள்பையும் ஒரு குறிப்பேடும் மட்டுமே இருந்தன. ரயில் சால்சாக் ஆற்றங்கரையை விடாமல் பிடித்துக்கொண்டு செல்கிறது. கோலிங்கைக் கடந்ததும் இருபுறத்து மலைகளும் ஆற்றை நெருக்குகின்றன. அந்த இடுக்கைத் தாண்டினால் பாறை உச்சியில் வெர்ஃபென் கோட்டை தெரிகிறது. அங்கிருந்து பொங்காவ் என்று அழைக்கப்படும் மாவட்டம் விரிகிறது.

சங்க்ட் யோஹானில் இறங்கி, வாக்ரைன் வழியாகச் செல்லும் பேருந்தைப் பிடித்தேன். வாக்ரைனில் கூட்டமெல்லாம் இறங்கிவிட, பேருந்து தெற்கே திரும்பி ஒரு குறுகிய பள்ளத்தாக்கினுள் நுழைந்தது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே உள்ள கிளைன்ஆர்லில் ஒரு தேவாலயக் கோபுரம், சில விடுதிகள், சரிவுகளில் சிதறிய பண்ணை வீடுகள் ஆகியவைதான் கண்ணில் பட்டன. மக்கள்தொகை எண்ணூறு அளவில்தான் இருக்கும்.

இந்த ஊருக்கு நான் வந்ததற்கு ஒரே ஒருவர்தான் காரணம். 1953 மார்ச் 27 அன்று இங்கே பிறந்த அன்னமாரி ப்ரோல், திருமணத்துக்குப் பின் அன்னமாரி மோசர்-ப்ரோல், ஆல்பைன், அதாவது மலைச்சரிவில் வேகமாக இறங்கும் பனிச்சறுக்கின், உலகக் கோப்பைப் பந்தயங்களில் 62 வெற்றிகளைப் பெற்றவர். ஒரு பருவத்தின் எல்லாப் பந்தய வகைகளிலும் சேர்த்த புள்ளிகளுக்குத் தரப்படும் ஒட்டுமொத்த உலகக் கோப்பையை ஆறு முறை வென்றார். அவற்றில் ஐந்து, 1971 முதல் 1975 வரை தொடர்ச்சியாக வந்தவை. அவருடைய 62 என்ற எண்ணை இன்னொரு பெண் எட்டுவதற்கு 35 ஆண்டுகள் ஆயின. ஆயினும் என்னை இத்தனை தூரம் இழுத்து வந்தது அந்த எண்கள் அல்ல. அவர் பந்தயமே ஓடாத ஒரு பருவம்தான். 1976-ல் அவருடைய சொந்த நாட்டில், ரயிலில் சில மணி நேரத் தொலைவில், குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது அவர் பெயர் தொடக்கப் பட்டியலில் இல்லை. நோயுற்றிருந்த தந்தையின் அருகில் இருப்பதற்காக அந்தப் பருவம் முழுவதையும் அவர் விட்டுவிட்டார். அப்போது அவருக்கு வயது 22.

விடுதி நடத்தும் அம்மையார் சாவியைக் கொடுக்கும்போது, பலகைகளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கொண்டுவரவில்லை என்றேன். ஜனவரியில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வெறுங்கையோடு வருபவனை அவர் எந்த வகையில் சேர்த்தார் என்று தெரியவில்லை. கூடுதலாக ஒரு போர்வை மட்டும் தந்தார்.

இரண்டாம் நாள்: கிளைன்ஆர்ல்

பனிச்சறுக்கைப் பற்றி எழுதுகிறவன் ஒரு முறையாவது சறுக்கிப் பார்க்க வேண்டும் என்ற நியாயத்தில், காலையில் வாடகைப் பலகைகளோடு குழந்தைகள் பழகும் சரிவில் நின்றேன். நம் ஊர்க் குளத்துக் கரையின் சாய்வைவிட அது பெரிதல்ல. மேலிருந்து பார்த்தபோது மட்டும் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு மணி நேரத்தில் பதினொரு முறை விழுந்தேன். ஐந்து வயதுக்கு மேற்படாத ஒரு சிறுமி என்னைச் சுற்றி வளைந்து சென்று, நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். வேகம் என்பது இந்த விளையாட்டில் தேடிப் பெறுவது அல்ல, விட்டால் தானாக வந்து ஏறிக்கொள்வது என்பதைப் புரிந்துகொள்ள அந்த ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது.

ப்ரோல் குடும்பம் மலைப் பண்ணைக் குடும்பம். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். நான்கு வயதில் அன்னமாரி சறுக்கத் தொடங்கியபோது அவர் காலில் இருந்தவை தந்தை கையால் செதுக்கிக் கொடுத்த மரப் பலகைகள். பயிற்சியாளர் என்று யாரும் இல்லை. மேலே ஏற இயந்திரம் இல்லாத இடங்களில் குழந்தைகள் பலகைகளைச் சுமந்துகொண்டு நடந்தே ஏறி, ஒரே மூச்சில் நேராக இறங்கிய காலம் அது. திரும்பி வளைவதைவிட நேராக இறங்குவதே எளிது என்று ஒரு குழந்தைக்குத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் பெரியவரான பிறகும் அந்த எண்ணத்தைக் கைவிடாமல் இருப்பதற்கு வேறு வகையான உடலும் நெஞ்சும் வேண்டும். பின்னாளில் தங்கை கொர்னேலியாவும் உலகக் கோப்பைப் பந்தயங்களில் ஓடினார்.

பிற்பகலில் பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் உள்ள யேகர் ஏரி வரை நடந்தேன். ஏரி உறைந்து, மேலே பனி மூடி, கரை எது நீர் எது என்று பிரித்தறிய முடியாமல் கிடந்தது. மூன்று பக்கமும் மலை. உலகெங்கும் பயணம் செய்து பந்தயம் ஓடிய ஒருவர், ஓய்வு பெற்ற பின் இந்த முட்டுச்சந்துப் பள்ளத்தாக்குக்கே திரும்பி வந்து, கோப்பைகளைச் சுவரில் அடுக்கி, தம் பெயரிலேயே ஒரு காபிக் கடையைப் பல ஆண்டுகள் நடத்தினார். இப்போது அவர் அதை நடத்தவில்லை. அவர் வீடு எது என்று யாரிடமும் நான் கேட்கவில்லை. எழுபது வயதைக் கடந்த ஒருவரின் கதவைத் தட்டி, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அப்பாவின் நோயைப் பற்றி விசாரிப்பது பயண எழுத்து ஆகாது.

மூன்றாம் நாள்: பாட் காஸ்டைன்

காலையில் மீண்டும் சங்க்ட் யோஹானுக்கு இறங்கி, ஷ்வார்ட்சாக் வழியாக மலையேறும் ரயிலில் பாட் காஸ்டைனுக்குப் போனேன். ஊரின் நடுவே அருவி விழுகிறது. அதன் இருமருங்கிலும், ஒரு காலத்தில் மன்னர்களும் பிரபுக்களும் வெந்நீர் ஊற்றுகளில் குளிக்க வந்து தங்கிய உயரமான மாளிகைகள், செங்குத்தான மலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. சில இன்னும் பாழடைந்துதான் இருக்கின்றன. பனியில் அந்தப் பாழும் அழகாகவே இருந்தது.

நான் தேடி வந்தது 1968 ஜனவரியை. அப்போது பதினான்கு வயதான அன்னமாரி ப்ரோல் தம் முதல் உலகக் கோப்பைப் பந்தயத்தை இங்கேதான் ஓடினார். அது டவுன்ஹில் பந்தயம். இதைப் படிப்பவர்களில் பலர் என்னைப்போல் பனி பார்க்காத நிலத்தில் வளர்ந்தவர்களாக இருக்கக்கூடும் என்பதால் இங்கே சற்று நின்று விளக்கிவிடுகிறேன். ஸ்லாலம் பந்தயத்தில் நெருக்கமாக நடப்பட்ட கம்பங்களுக்கிடையே சட்டுச்சட்டென்று வளைய வேண்டும். ஜெயண்ட் ஸ்லாலத்தில் கம்பங்கள் விலகி நிற்கும், வளைவுகள் அகலும். இரண்டிலும் இருமுறை ஓடி நேரங்களைக் கூட்டுவார்கள். டவுன்ஹில்லுக்கு ஒரே ஓட்டம்தான். மலையுச்சிக்கு அருகிலிருந்து அடிவாரம் வரை, மிகக் குறைவான வாயில்களோடு, மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில், ஒன்றரை நிமிட அளவில் முடிந்துவிடும் பந்தயம் அது. நூற்றில் ஒரு நொடி வரை கணக்கிடுவார்கள். இன்றைய பாதுகாப்பு வலைகளும் உடற்கவசங்களும் அன்று இல்லை. ஆபத்தான வளைவுகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள்.

அந்த முதல் பந்தயத்தில் அவர் விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். கடைசி ஆளாக முடித்தார். வெற்றியாளர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இத்தகைய தொடக்கத்தை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, விழுந்த பின்னும் அவர் விலகாமல் எல்லைக்கோடு வரை வந்தார் என்பதே. விழுந்தவர் பாதையோரம் ஒதுங்கி நின்றுவிடுவதுதான் டவுன்ஹில்லில் இயல்பு. நேரம் போய்விட்ட பிறகு முடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது தோன்றவில்லை, அல்லது தோன்றியும் பொருட்படுத்தவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1970 ஜனவரியில், அப்போதைய யூகோஸ்லாவியாவின் மரிபோரில் ஜெயண்ட் ஸ்லாலத்தில் அவருக்கு முதல் உலகக் கோப்பை வெற்றி கிடைத்தது. வயது பதினாறு. அடுத்த பருவத்திலேயே ஒட்டுமொத்தக் கோப்பை அவர் கைக்கு வந்துவிட்டது.

பகலில் ஷ்டூப்னர்கோகல் மலைக்கு ஏறி, அங்குள்ள 140 மீட்டர் நீளத் தொங்குபாலத்தின் நடுவே நின்று, எதிர்ப்புறம் இருக்கும் கிராவ்கோகலைப் பார்த்தேன். 1958 உலகச் சாம்பியன் போட்டிகளில் ஆஸ்திரிய வீரர் டோனி சைலர் மூன்று தங்கம் வென்ற மலை அது. காற்றில் பாலம் மெல்ல ஆடியதால் குறிப்பெடுக்க முடியவில்லை. கையுறையைக் கழற்றிய இரண்டு நிமிடத்தில் விரல்கள் பேனாவைப் பிடிக்க மறுத்துவிட்டன. மீதியை ரயிலில்தான் எழுதினேன்.

நான்காம் நாள்: வாக்ரைன், ஃபிளகாவ்

வாக்ரைனில் ஒரு மணி நேரம் மட்டும் நின்றேன். உலகெங்கும் கிறிஸ்துமஸ் இரவில் பாடப்படும் அமைதியிரவுப் பாட்டின் வரிகளை எழுதிய பாதிரியார் யோசஃப் மோர் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். என் பயணத்துக்கு அதைவிட நெருக்கமான செய்தி வேறொன்று: 1955-ல் அலோயிஸ் ரோர்மோசர் என்ற தொழில்முனைவர் இந்த ஊரில்தான் அட்டாமிக் பனிச்சறுக்குப் பலகை நிறுவனத்தைத் தொடங்கினார். நிறுவனம் இன்று பக்கத்து அல்டென்மார்க்டில் இயங்குகிறது. தந்தை செதுக்கிய பலகையில் தொடங்கிய பெண், ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவில் பிறந்த நிறுவனத்தின் பலகையில் உலகை வென்றார் என்றால், இந்தப் பள்ளத்தாக்குகள் எவ்வளவு சிறியவை என்பது விளங்கும்.

ஃபிளகாவில் பெண்களுக்கான இரவு ஸ்லாலம் பந்தயம் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. சரிவு முழுவதையும் தண்ணீர் பாய்ச்சி இறுக்குகிறார்கள். மென்பனியாக விட்டால் முதல் பத்துப் பேர் ஓடியதும் பள்ளம் விழுந்து பின்னால் வருபவர்களுக்கு அநீதியாகிவிடும் என்பதால், பாதையைக் கண்ணாடிபோல் உறைய வைப்பார்கள். இந்த ஊர் பனிச்சறுக்கு வீரர் ஹெர்மன் மையரின் ஊர். கொத்தனார் வேலை செய்துகொண்டிருந்து, 1996-ல் இங்கு நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்துக்கு முன்னோட்டக்காரராக, அதாவது போட்டிக்கு முன் பாதையைச் சோதிப்பவராக, ஓடியபோது கண்டெடுக்கப்பட்டவர் அவர்; கதை பெரியது, இங்கே இடமில்லை. பொங்காவ் இப்படி எத்தனை பேரைத் தந்திருக்கிறது என்று எண்ணத் தொடங்கினால் பேருந்தைத் தவறவிட்டுவிடுவோம்.

மாலை முழுவதும் அறையில் அமர்ந்து எண்களைச் சரிபார்த்தேன். 62 வெற்றிகளில் டவுன்ஹில் 36, ஜெயண்ட் ஸ்லாலம் 16, வெவ்வேறு வகைப் பந்தயங்களின் முடிவுகளைச் சேர்த்து எண்ணும் கூட்டுப் பந்தயம் 7, ஸ்லாலம் 3. 1972-73 பருவத்தில் எட்டு டவுன்ஹில் பந்தயங்கள் நடந்தன. எட்டையும் அவரே வென்றார். அடுத்த பருவத்தில் தொடர்ந்த வெற்றிகளையும் சேர்த்தால் இடைவிடாமல் பதினொன்று. 2015 ஜனவரியில் இத்தாலியின் கொர்ட்டினாவில் அமெரிக்க வீராங்கனை லிண்ட்சி வோன் அவருடைய 62-ஐ எட்டி மறுநாளே கடந்தபோது பல பத்திரிகைகள் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சொல்ல வேண்டும்: ப்ரோல் ஓடிய காலத்தில் சூப்பர்-ஜி என்ற பந்தய வகையே இல்லை. அது 1982-83 பருவத்தில்தான் உலகக் கோப்பைக்குள் வந்தது. டவுன்ஹில்லின் வேகமும் ஜெயண்ட் ஸ்லாலத்தின் வளைவும் கலந்த அந்த வகை, அவர் உடல்வாகுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்திருக்கும். வோனின் சாதனையை இது குறைக்காது. இரண்டு எண்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதுதான் தவறு.

ஒலிம்பிக் மட்டும் அவரிடம் முரண்டு பிடித்தது. 1972-ல் குளிர்கால ஒலிம்பிக்குக்காக ஜப்பானின் சப்போரோவுக்கு அவர் சென்றபோது வயது 18. எல்லோரும் அவரையே எதிர்பார்த்தார்கள். போட்டி தொடங்கும் முன்பே ஆஸ்திரிய அணி ஒரு புயலில் சிக்கியது. பணத்துக்காக விளையாடுபவர்களை ஒலிம்பிக் ஏற்காத அந்தக் காலத்தில், விளம்பரத்தால் பணம் ஈட்டினார் என்று கூறி அணியின் வீரர் கார்ல் ஷ்ரான்ட்ஸை ஒலிம்பிக் குழு வெளியேற்ற, அணி முழுவதும் நாடு திரும்புமோ என்ற நிலை உண்டானது. இறுதியில் மற்றவர்கள் தங்கிப் போட்டியிட்டார்கள். டவுன்ஹில்லில் பதினேழு வயது சுவிட்சர்லாந்துப் பெண் மாரி-தெரேஸ் நாடிக் 1 நிமிடம் 36.68 நொடியில் வந்தார். ப்ரோல் 1 நிமிடம் 37.00 நொடி. ஜெயண்ட் ஸ்லாலத்திலும் அதே நாடிக் முதலிடம், ப்ரோல் இரண்டாமிடம். இரண்டு வெள்ளிகள். இழந்ததை மீட்க நான்கு ஆண்டுகள் காத்திருந்தால் போதும் என்று அப்போது யாரும் எண்ணியிருப்பார்கள். அந்த நான்காவது ஆண்டு சொந்த மண்ணுக்கே வரப்போகிறது என்பது மட்டும் அன்று யாருக்கும் தெரியாது.

ஐந்தாம் நாள்: இன்ஸ்புருக், ஆக்சாமர் லிட்சும்

சங்க்ட் யோஹானிலிருந்து இன்ஸ்புருக்குக்கு ரயில் செல் ஆம் சே ஏரியை உரசிச் சென்று, கிட்ஸ்பியூலை அரைவட்டமாகச் சுற்றி, வோர்குலில் இன் ஆற்றைப் பிடிக்கிறது. வழியெல்லாம் பனி பொழிந்துகொண்டே இருந்தது. கிட்ஸ்பியூலில் ஹானென்காம் மலையின் கீழ்ப்பாதிதான் தெரிந்தது.

1976 ஒலிம்பிக் முதலில் அமெரிக்காவின் டென்வருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 1972 நவம்பரில் கொலராடோ மாநில மக்கள் வாக்களித்து அதற்கான பொதுப்பணத்தை மறுத்துவிட, 1964-ல் ஏற்கெனவே நடத்தி முடித்திருந்த இன்ஸ்புருக்கிடம் 1973 பிப்ரவரியில் அது வந்து சேர்ந்தது. பெர்கீசல் குன்றில் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் தனித்தனி நெருப்புக் கிண்ணங்கள் நிற்கின்றன. அறிவிப்பு வந்த அந்தக் குளிர்காலத்தில்தான் ப்ரோல் எட்டுக்கு எட்டு டவுன்ஹில்களை வென்றுகொண்டிருந்தார். 1974-ல் சுவிட்சர்லாந்தின் சங்க்ட் மோரிட்சில் டவுன்ஹில் உலகச் சாம்பியனானார். அதே ஆண்டில் ஹெர்பெர்ட் மோசரை மணந்தார். 1975 மார்ச்சில் ஐந்தாவது ஒட்டுமொத்தக் கோப்பை. அதன்பின் அவர் பந்தயத்தை விட்டுவிட்டார். தந்தைக்கு நுரையீரலில் புற்றுநோய்.

நகரத்திலிருந்து ஆக்சாமர் லிட்சுமுக்குப் பேருந்து ஏறிச் செல்லும் வழியில், 1976-ல் ஆண்கள் டவுன்ஹில் நடந்த பாட்ஷர்கோஃபல் மலை பள்ளத்தாக்கின் மறுபுறம் நிற்கிறது. பிப்ரவரி 5 அன்று ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் கிளாமர் மஞ்சள் உடையில், விழப்போகிறார் விழப்போகிறார் என்று பார்த்தவர்களைப் பதறவைத்து, 0.33 நொடி வித்தியாசத்தில் தங்கம் வென்ற இடம். அந்த ஓட்டத்தை உலகம் மறக்கவில்லை. அங்கே போகிறவர்களும் நிறையப் பேர். மற்ற எல்லா ஆல்பைன் பந்தயங்களும் நடந்தது லிட்சுமில்தான்.

கால்க்கோகல் மலைத்தொடரின் சுண்ணாம்புப் பாறைகள் பல்வரிசைபோல் மேலே நிற்க, ஹோடல் சிகரத்திலிருந்து பெண்கள் டவுன்ஹில் பாதை ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தை இறங்கி வருகிறது. சறுக்கி இறங்கத் தெரியாதவனுக்கு அதை அளக்க ஒரே வழி, கீழே எல்லைப் பகுதியில் நின்று அண்ணாந்து பார்ப்பதுதான். 1976 பிப்ரவரி 8 அன்று இங்கே வென்றவர் மேற்கு ஜெர்மனியின் ரோசி மிட்டர்மையர். அதுவரை உலகக் கோப்பையில் ஒரு டவுன்ஹில்லைக்கூட வெல்லாதவர். 1 நிமிடம் 46.16 நொடி. 0.52 நொடி பின்னால் வெள்ளி வென்றவர் ஆஸ்திரியாவின் பிரிகிட்டே டோட்ஷ்னிக், ஃபில்ட்ஸ்மோஸ் ஊர்க்காரர், அதுவும் பொங்காவ்தான். ஸ்லாலத்திலும் தங்கம் வென்ற மிட்டர்மையர், ஜெயண்ட் ஸ்லாலத்தில் 0.12 நொடியில் மூன்றாவது தங்கத்தைத் தவறவிட்டார்.

ப்ரோல் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அந்த நாளிலிருந்தே கேட்கப்பட்டு வருகிறது. எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அது மிட்டர்மையரின் அன்றைய ஓட்டத்தை அவமதிக்கிறது. அதைவிட, கிளைன்ஆர்லில் ஒரு நோயாளியின் படுக்கையருகே கழிந்த குளிர்காலத்தை வெறும் இழப்பாகக் கணக்கெழுதுகிறது. அந்த மாதங்களில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது அந்தக் குடும்பத்துக்குரியது. 1976 ஜூனில் தந்தை இறந்தார் என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது. அடுத்த குளிர்காலப் பருவம் தொடங்கியபோது மகள் மீண்டும் தொடக்கக் கதவில் நின்றார்.

ஓராண்டு ஓய்வின் விலையை அவர் கொடுத்தார். 1977-ல் ஒட்டுமொத்தப் பட்டியலில் சுவிட்சர்லாந்தின் லிஸ்-மாரி மொரெரோவுக்குப் பின் இரண்டாமிடம். 1978-ல் லிக்டென்ஸ்டைனின் ஹன்னி வென்ட்செலுக்குப் பின் இரண்டாமிடம், ஆனால் அதே ஆண்டு மேற்கு ஜெர்மனியின் கார்மிஷில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் டவுன்ஹில்லிலும் கூட்டுப் பந்தயத்திலும் தங்கம். 1979-ல் ஆறாவது ஒட்டுமொத்தக் கோப்பை 243 புள்ளிகளுக்கு வந்தது; வென்ட்செல் 240. முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 20 என்று எண்ணிய அந்தக் காலத்தில் மூன்று புள்ளி என்பது, ஒரு பருவம் முழுவதிலும் ஏதோ ஒரு சரிவில் ஓரிடம் முன்னால் வந்ததற்குச் சமம்.

பிறகு 1980 பிப்ரவரி 17, அமெரிக்காவின் லேக் பிளாசிட், ஒலிம்பிக் டவுன்ஹில். கடுங்குளிரும் காற்றும் வீசிய வைட்ஃபேஸ் மலையில் அவர் 1 நிமிடம் 37.52 நொடியில் இறங்கித் தங்கம் வென்றார். வெள்ளி வென்ட்செலுக்கு, 0.70 நொடி பின்னால். வெண்கலம் யாருக்கு என்று பார்த்தபோது பேருந்து நிறுத்தத்தில் தனியாகச் சிரித்துவிட்டேன்: மாரி-தெரேஸ் நாடிக். சப்போரோவில் 0.32 நொடியில் தங்கத்தைப் பறித்தவர் எட்டு ஆண்டுகள் கழித்து மேடையின் கீழ்ப்படியில் நின்றிருக்கிறார். அந்தப் பருவத்தோடு அன்னமாரி மோசர்-ப்ரோல் ஓய்வு பெற்றார். அடுத்த மாதம் அவருக்கு வயது 27 நிறைந்தது.

நான்கு மணிக்கு மேலேறும் இயந்திரங்கள் நின்றன. கடைசியாக இறங்கியவர்கள் பலகைகளைத் தட்டிப் பனியை உதிர்த்துவிட்டுப் பேருந்தில் ஏறினார்கள். பனியைச் சமன்படுத்தும் வண்டி ஒன்று விளக்குகளை எரியவிட்டபடி, பகல் முழுவதும் கீறப்பட்ட பெண்கள் டவுன்ஹில் பாதையில் மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது.